கல்லூரி ஆலோசனை அறை: பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

'கவுன்சலிங்' என்னும் சொல்லை அறியாத பெற்றோர் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், பொறியியல் இடம் பெறுவதற்கான கலந்தாய்வையே நாம் அச்சொல்லால் குறிக்கிறோம். கட்ஆஃப் மதிப்பெண், கல்லூரி, பாடப்பிரிவு ஆகியவற்றைப் பற்றி உறவினர், அண்டை வீட்டார், கம்பெனிப் பேருந்தில் உடன் வருவோர் என அனைவரிடமும் கேட்டறிகிறோம். அதே சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு, மனம் சோர்ந்த வேளையில் மாணவர் ஒருவர் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் தனியே அமர்ந்து பேசுவதும் கவுன்சலிங்கே. முதலாவதைப் பற்றி யாவும் அறிந்த குடும்பங்கள் இரண்டாவதைப் பற்றி ஏதும் அறியாதிருப்பதைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. அதே வட்டாரத்தில் பென்னலூரிலும் தண்டலத்திலும் அவற்றைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகள் பல இயங்குகின்றன. ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் 1993 முதல் ஸ்ரீபெரும்புதூரில் உள்ளது. பகலிலும் இரவிலும் மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் தந்தையரின் பிள்ளைகளும், தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயில்வோரும் இங்கே மிகுதி. அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்கெனக் கல்லூரியிலும் வெளியிலும் உள்ள உடல்நல, மனநலச் சேவைகள் எவை, அவை பயன் தருவதற்குக் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வயதின் தன்மை

மனநோய்களுள் பெரும்பாலானவை 25 வயதுக்கு முன்பே தலைகாட்டத் தொடங்குகின்றன. கல்லூரிப் பருவமும் அவ்வயதும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வீட்டை விட்டுப் பிரிதல், புதிய மொழிச் சூழல், செமஸ்டர் தேர்வுகள், அரியர், வளாக வேலைவாய்ப்புத் தேர்வு, கல்விக்கடன், நட்பிலும் காதலிலும் ஏற்படும் முறிவு ஆகியவை அதனோடு சேர்கின்றன. இச்சுமைகளால் ஏற்படும் வருத்தம் பெரும்பாலான மாணவர்க்குச் சில நாள்களில் தணிந்துவிடும். சிலருக்கு அது தணிவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். உரிய நேரத்தில் உதவி கிடைத்தால் இத்தகைய இறப்புகளுள் பலவற்றைத் தடுக்க இயலும்.

கல்வி நிலையங்களில் மாணவர் நலச் சேவை என்பது புதிய கருத்தன்று. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1861இல் மாணவர் உடல்நலத்திற்கென ஒரு துறையை ஏற்படுத்தியது. 1910இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் மனநலச் சேவையைத் தொடங்கியது. படிக்கும் திறன் பெற்ற மாணவர்களும் மனத்துயரால் படிப்பை இடையில் கைவிட்டுச் சென்றதே அதற்குக் காரணம். நம் கல்லூரிகளிலும் இன்று அதே நிலையைக் காண்கிறோம்.

உடலின் வழியே பேசும் மனம்

மனத்துயர் பெரும்பாலும் மனத்துயர் என்ற பெயரோடு வருவதில்லை. தலைவலி, வயிற்று எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், கை நடுக்கம், உறக்கமின்மை, தீராத களைப்பு ஆகியவற்றோடுதான் மாணவர்கள் பொதுமருத்துவரிடம் முதலில் வருகின்றனர். இவற்றை உடனே 'டென்ஷன்' என்று ஒதுக்கிவிடுதல் தவறு. இரத்தசோகை, தைராய்டு கோளாறு, ஆஸ்துமா, இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலின் பின்னே காசநோய் ஆகியவை இவ்வயதினரிடமும் உண்டு. எனவே முறையான பரிசோதனை முதலில் தேவை.

பரிசோதனைகள் யாவும் இயல்பாக அமைந்தபோது, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அவனுக்கு ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுவதும் தவறே. வலி உண்மையானது, நடிப்பன்று. அஞ்சிய மனம் இதயத் துடிப்பை விரைவாக்குகிறது, குடலின் இயக்கத்தை மாற்றுகிறது, தசைகளை இறுகச் செய்கிறது. உடலில் நோய் இல்லை என்று தெரிந்த அந்த இடத்தில்தான் ஆலோசகரின் பணி தொடங்குகிறது.

கல்லூரியில் கிடைக்கும் சேவைகள்

கல்லூரிக்குக் கல்லூரி வசதிகள் வேறுபடும். எனினும் சேர்க்கையின்போதே பின்வருவனவற்றைப் பெற்றோர் கேட்டறியலாம்.

1. மருத்துவ அறை: முதலுதவி, செவிலியர், மருத்துவர் வரும் நேரம், இரவில் அவசரம் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வர் என்னும் விவரம். வலிப்பு, ஆஸ்துமா, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் ஆகியவை உள்ள மாணவராயின், மருத்துவரின் கடிதத்தை விடுதி வார்டனிடம் முதல் வாரத்திலேயே அளித்துவிட வேண்டும்.

2. ஆலோசகர்: அவருடைய பெயர், அறை, நேரம், மாணவரே நேரடியாகச் செல்லலாமா என்பது.

3. வழிகாட்டி ஆசிரியர்: வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் சரிவதை முதலில் காண்பவர் இவரே. ஆலோசகரிடம் அனுப்பி வைப்பவரும் பெரும்பாலும் இவரே.

4. புகார்க் குழுக்கள்: ராகிங், பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு ஆலோசனை மட்டும் தீர்வாகாது. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 முதல் உள்ளது. ராகிங் குறித்த தேசிய உதவி எண் 1800-180-5522. துன்புறுத்தப்பட்ட மாணவரைப் "பொறுத்துப் போ" என்று தேற்றுவது காயத்தை ஆழமாக்கும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வழங்கிய தீர்ப்பொன்றில் கல்வி நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை வகுத்துள்ளது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் பெற்றிருத்தல் வேண்டும். அதனினும் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்திருத்தல் வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் காட்சிப்படுத்தப்பட வேண்டும். ஆகவே, "உங்கள் கல்லூரியில் ஆலோசகர் யார்?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை, அதில் கூச்சத்திற்கு இடமில்லை.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'மனநல நல்லாதரவு மன்றம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 'மனம்' என்று சுருக்கமாக வழங்கும் இத்திட்டம் மருத்துவக் கல்லூரிகளில் முதலில் நடைமுறைக்கு வந்தது. மாணவர்களே மாணவர்களின் துயரை அடையாளம் கண்டு உதவிக்கு அழைத்துச் செல்வது இத்தகைய மன்றங்களின் நோக்கம். அறைத் தோழரிடம் சொன்னதை அம்மாவிடம் சொல்லாத வயதில் இம்முறை மிகவும் பொருந்துகிறது.

அறைக்குள் என்ன நடக்கிறது?

ஆலோசகர் அறிவுரை கூறுபவர் என்று பலர் எண்ணுகின்றனர். அறிவுரை கூற வீட்டில் பெரியப்பா முதல் மாமா வரை பலர் உள்ளனர். அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவையில்லை. ஆலோசகரின் முதற்பணி கேட்பது. மாணவர் தம் நிலையைத் தம் சொற்களில் சொல்லி முடிக்கும்வரை, குறுக்கிடாமலும் பழிக்காமலும் கேட்கிறார். பிறகு, சிக்கல்களைப் பிரித்து அடுக்கி, இன்று செய்யக்கூடியது எது, மாற்ற இயலாதது எது என்று மாணவரே கண்டறிய உதவுகிறார். உறக்க ஒழுங்கு, அச்சத்தைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தேர்வுக்கான திட்டம் ஆகியவை இதில் அடங்கும். ஒரு சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். பலருக்குச் சில சந்திப்புகளே போதுமானவை. மருந்து தேவைப்படும் நிலை என்று தோன்றினால், ஆலோசகர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். ஆலோசகர் மருந்து எழுதித் தருவதில்லை.

மறைகாப்பு: இச்சேவையின் உயிர்நாடி

ஆலோசகரும் மருத்துவரும் மிகுதியாக எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் உங்களிடம் என்ன சொன்னான்? எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்" என்பதே அது. அன்பினாலும் அச்சத்தினாலும் எழும் கேள்வி இது. ஆயினும் இக்கேள்வியால் முறிந்த சிகிச்சைகள் பல.

ஓர் எடுத்துக்காட்டினைக் கற்பனை செய்து பார்ப்போம். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் பயிலும் மாணவர் ஒருவருக்கு மூன்று அரியர். இரவு ஷிப்ட் முடித்து வரும் தந்தையிடம் அதைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. திங்கள்தோறும் வயிற்றுவலி, கல்லூரிக்குச் செல்வதில்லை. வழிகாட்டி ஆசிரியர் அவரை ஆலோசகரிடம் அனுப்புகிறார். இரண்டு சந்திப்புகளில் அவர் மெல்லப் பேசத் தொடங்குகிறார். இதனை அறிந்த தாய் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்கிறார். ஆலோசகர் மனமிரங்கி, "மூன்று பாடம் நிலுவை, அப்பாவுக்குப் பயப்படுகிறான்" என்று சொல்லிவிடுகிறார் எனக் கொள்வோம். அன்றிரவே வீட்டில் அது பேசப்படுகிறது. மறுநாள் முதல் அம்மாணவர் அந்த அறைக்குச் செல்லமாட்டார். அவர் இழந்தது ஓர் ஆலோசகரை மட்டுமன்று. பேசினால் அது வெளியே போய்விடும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டவர், பின்னர் வரும் பெரிய நெருக்கடியிலும் எவரிடமும் வாய் திறக்கத் தயங்குவார்.

இதே நிகழ்வு வேறு வகையிலும் செல்லக்கூடும். தாய் அழைத்தபோது ஆலோசகர், "அம்மா, அவர் தொடர்ந்து வருகிறார், அது நல்லது. அவர் சொல்வதை அவரே உங்களிடம் சொல்ல நான் உதவுவேன். நீங்கள் கவனித்தது ஏதேனும் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்று விடையளிக்கிறார். நான்காம் சந்திப்பில், மாணவரின் ஒப்புதலோடு பெற்றோரை அழைத்து, மூவரும் அமர்ந்து பேசுகின்றனர். அரியர் செய்தி அப்போதும் வெளிவருகிறது. ஆனால் அதை மகனே தன் வாயால் சொல்கிறான். நோய் தணிவதற்கு இவ்வேறுபாடு போதுமானது.

சட்டமும் இதனையே கூறுகிறது. 18 வயது நிறைந்தவர் தம் சிகிச்சை குறித்துத் தாமே முடிவெடுக்கும் உரிமை உடையவர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் விவரங்களை மறைவாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்போர் மீது சுமத்துகிறது. கட்டணம் செலுத்துவது பெற்றோராயினும் இவ்வுரிமை மாறுவதில்லை. ஆலோசகரோ மருத்துவரோ சொல்ல மறுக்கும்போது, அவர் உங்களை ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். உங்கள் பிள்ளை திரும்பவும் அங்கு வருவதற்கான வழியை அவர் காத்து நிற்கிறார்.

மறைகாப்பு விலகும் நேரம்

மறைகாப்புக்கும் எல்லை உண்டு. மாணவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று அறிந்தால், அதைத் தடுக்கத் தேவையான அளவு செய்தியை உரியவரிடம் தெரிவிப்பதற்குச் சட்டமே இடமளிக்கிறது. நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே இவ்வெல்லையை மாணவரிடம் விளக்கிவிடுவார். எனவே, "ஆபத்தான எதையும் நம்மிடம் மறைத்துவிடுவார்களோ" என்னும் அச்சம் பெற்றோருக்குத் தேவையில்லை.

பெற்றோரும் நண்பர்களும் காணக்கூடிய அபாய அறிகுறிகள் இவை: வாழ்வதில் பயனில்லை, தான் பிறர்க்குச் சுமை என்று பேசுதல்; விருப்பமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல்; விடைபெறுவது போன்ற செய்திகளை அனுப்புதல்; தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல்; நீண்ட கலக்கத்திற்குப் பின் காரணமின்றித் திடீரென அமைதியாதல்; குடிப்பழக்கம் மிகுதல்.

இவற்றைக் கண்டால் நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" இவ்வாறு கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. சுமையை இறக்கி வைக்க அது ஒரு வாய்ப்பாக அமையும். 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து முதலியவற்றை அகற்றிப் பூட்டி வையுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அவசரமெனில் 108-ஐ அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே சட்டம் கருதுகிறது. வழக்கு வருமென்று அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

வீட்டில் எவ்வாறு பேசுவது?

ஆலோசனை அறையிலிருந்து திரும்பிய பிள்ளையிடம், "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்பதற்கு மாற்றாக, "போயிட்டு வந்தது உனக்குக் கொஞ்சம் இலேசா இருக்காப்பா? அடுத்த வாரமும் போகணும்னா நான் கொண்டுபோய் விடறேன்" என்று கேட்கலாம். அவரே ஏதேனும் சொன்னால் கேளுங்கள். தீர்வு சொல்ல விரையாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அத்தையிடமும் சித்தப்பாவிடமும் இதனைப் பகிர வேண்டாம். ஷிப்ட் காரணமாக நேரம் கிடைக்காத தந்தையர், வாரத்தில் ஒருநாள், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத அரைமணி நேரத்தை ஒதுக்கலாம். விடுதியில் உள்ள பிள்ளையை அழைக்கும்போது, "சாப்பிட்டாயா?" என்பதோடு "தூக்கம் வருதா?" என்றும் கேளுங்கள். உறக்கம் கெடுவது மனம் தளர்வதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று.

ஆலோசகரிடம் நீங்கள் கேட்கக்கூடாதது பிள்ளை சொன்னதை. நீங்கள் சொல்லக்கூடியதோ நிறைய உண்டு. குடும்பத்தில் எவர்க்கேனும் மனநோய் இருந்ததா, பிள்ளையின் உணவும் உறக்கமும் எப்போது மாறின, அண்மையில் வீட்டில் இழப்பு ஏதும் நேர்ந்ததா என்னும் செய்திகள் சிகிச்சைக்குப் பெரிதும் உதவும்.

மருந்து குறித்த ஐயங்கள்

மனநல மருந்துகள் யாவும் தூக்க மாத்திரைகள் என்பது தவறான எண்ணம். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்களேனும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ தலைவலியோ தோன்றி மறையலாம். இளைஞர்கள் இம்மருந்துகளைத் தொடங்கும் முதல் சில வாரங்களில் பதற்றம் கூடினாலோ, தற்கொலை எண்ணம் தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நலம் தோன்றியதும் தாமாகவே நிறுத்திவிட்டால் நோய் திரும்பக்கூடும். படிப்படியாகக் குறைப்பதற்கு மருத்துவரின் வழிகாட்டுதல் தேவை.

சிகிச்சையால் படிப்பு தடைபடுமோ என்றும் பலர் அஞ்சுகின்றனர். அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி 75 விழுக்காடு வருகை தேவை. மருத்துவக் காரணங்களுக்காக 65 விழுக்காடு வரை தளர்வு கோரலாம். சான்றிதழில் நோயின் விவரம் முழுவதும் இடம்பெற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

கல்லூரிக்கு வெளியே உள்ள உதவிகள்

கல்லூரி ஆலோசகரிடம் செல்லத் தயங்கும் மாணவர்க்கும், ஆலோசகரே இல்லாத இடங்களில் பயில்வோர்க்கும் பின்வரும் வழிகள் உண்டு.

14416: 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்னும் பெயரில் இயங்குகிறது. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம்.

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

ஸ்நேகா, சென்னை: 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபட்டுள்ள தன்னார்வ அமைப்பு. தொலைபேசி: 044-24640050.

அரசு மருத்துவமனைகள்: காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவை அணுகலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள, 1794இல் தோன்றிய அரசு மனநலக் காப்பகம் நாட்டின் பழமையான மனநல நிலையங்களுள் ஒன்று. அங்கும் புறநோயாளராகச் சென்று மருத்துவரைக் கண்டு அன்றே வீடு திரும்பலாம்.

ஈஎஸ்ஐ: மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் பெறும் தொழிலாளர் குடும்பத்தில், அவர் ஊதியத்தைச் சார்ந்து கல்வி பயிலும் பிள்ளைக்கு 21 வயது வரையிலும், மணமாகாத மகளுக்கு அதன் பின்னரும் மருத்துவ வசதி உண்டு. மனநலச் சிகிச்சையும் இதில் அடங்கும். உங்கள் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் பிள்ளைகளின் பெயர் பதிவாகியுள்ளதா என்று இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக

சேர்க்கைக்குச் செல்லும்போது கல்லூரி வாயில் வரை பிள்ளையோடு செல்கிறோம்; வகுப்பறைக்குள் நாம் நுழைவதில்லை. ஆலோசனை அறைக்கும் அந்த முறை பொருந்தும். அறை எங்கே உள்ளது என்று அறிந்திருங்கள். தேவைப்படும் நாளில் வாயில் வரை உடன் செல்லுங்கள். உள்ளே பேசப்படுவதை அறைக்குள்ளேயே இருக்க விடுங்கள். இவ்வாரமே உங்கள் பிள்ளையின் கல்லூரி ஆலோசகர் பெயரையும் 14416 என்னும் எண்ணையும் குறித்து, இருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.